நட்சத்திரம் போட்ட கேள்வி

ரவுண்ட் ராக், டெக்சாஸ்
திங்கட்கிழமை காலை

என் அருமை மகள் நிஸ்ஸிக்கு அம்மா எழுதுவது. இயேசுவின் நாமத்தில் உனக்கு வாழ்த்து. இங்கே நானும் அப்பாவும் அவர் கிருபையால் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் சர்க்கரை அடங்கியிருக்கிறது, என் முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, அதுவும் இன்றைக்கு என்னவோ கேட்கிறது. எடிசனில் குளிர் எப்படி, ரயிலுக்கு நிற்கும்போது காதை மூடிக்கொள்கிறாயா என்று தேங்ஸ்கிவிங் விடுமுறையிலிருந்து கேட்க நினைத்துக் கேட்காமலே இருக்கிறேன். போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், அதனால் கமிட்டியில் மிச்சமான இந்த மஞ்சள் பேப்பரில் எழுதுகிறேன். தமிழ் படிக்க உனக்கு நான்தான் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தேன், மறந்துபோயிருந்தால் கதிர் படித்துக் காட்டட்டும், அவனும் கேட்க வேண்டியதுதான். பயப்படாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, அவ்வளவுதான். காலையில் சிரித்துக்கொண்டே நின்றதில் இரண்டு தோசை கருகிவிட்டது, அப்பா அதையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

என்ன கமிட்டி என்று கேட்பாய். நிறபேதம் மனசில் மட்டும் இல்லை, சட்டத்திலும் வழக்கத்திலும் ஊறியிருக்கிறது என்கிற கிரிட்டிக்கல் ரேஸ் தியரி, இன்டர்செக்‌ஷனாலிட்டி இரண்டையும் பற்றி விசுவாசிகள் என்ன நிலை எடுக்க வேண்டும் என்று சபைக்கு ஒரு தீர்மானம் எழுத பாஸ்டர் தன்னோடு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டார். ஒருவர் ஹாங்க் அங்கிள், ராணுவத்திலிருந்து ரிட்டயர் ஆனவர், சின்ன வயதில் உன்னை அவருடைய பெரிய டிரக்கில் ஏற்றிச் சுற்றினாரே அவர்தான். இன்னொருவர் லொரெயின் ஆண்ட்டி, பள்ளிக்கூட லைப்ரரியில் முப்பது வருஷம் வேலை பார்த்த கறுப்பினத்து அம்மா, கொயரில் என் பக்கத்தில் நிற்பவர். மூன்றாவது ஆள் நான். என் வேத அறிவைப் பார்த்துத்தான் போட்டார் என்று எனக்கு ஒரே பெருமை. வெள்ளை ஒண்ணு, கறுப்பு ஒண்ணு இருக்கு, நடுவுல ஒரு கலர் தேவைப்பட்டிருக்கும் என்று அப்பா சொன்னார். அன்றைக்கு அவருக்கு வெறும் ரசம்தான்.

ஐந்து வாரம் கூடினோம், நால்வரில் ரொம்பச் சூடாக இருந்தவள் நான்தான். முதல் நகலை நானே எழுதினேன். பாவம் மனுஷனுடைய இருதயத்தில் இருக்கிறது, அதைச் சட்டத்திலும் வழக்கத்திலும் தேடுவது வேதத்துக்குப் புறம்பு, இதெல்லாம் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரிப்பதற்காகக் காலேஜில் ஊட்டுகிற விஷம் என்று எழுதியிருந்தேன். அந்தக் கடைசி வரியை யாரை நினைத்து எழுதினேன் என்று உனக்குத் தெரியும்.

நடந்ததை நானே என் கையால் எழுதிவிடுகிறேன், அப்போதுதான் எனக்கு ஆறும். அமெரிக்காவிலுள்ள நம் தமிழ்க் கிறிஸ்தவர் ஐக்கியத்துக்குக் கம்ப்யூட்டரில் வரன் படிவம் செய்தவள் நான். பெயர், உயரம், வேலை, கிரீன் கார்டு, சபைப் பிரிவு, சமூகம், அப்புறம் இரட்சிக்கப்பட்ட தேதி, ஞானஸ்நானம் எடுத்த தேதி, கர்த்தர் நடத்தியதைச் சொல்லும் சாட்சி. எல்லாக் கேள்விக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்டேன், ஒன்றை விட்டாலும் படிவம் போகாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நீ இருக்கிற ஜெர்சியிலிருந்து கதிர் என்று ஒரு பையன் நிரப்பி அனுப்பினான், சமூகம் என்ற இடத்தில் கிறிஸ்தவன் என்று போட்டிருந்தான். நான் போன் பண்ணி, தம்பி, அது எல்லாருக்கும் உள்ளதுதானே, இதுல வேற போடணும் என்றேன். அவன் ரொம்ப மரியாதையாக, எனக்கு அதுதான் ஆண்ட்டி, வேற எழுதினா அதுக்கு அப்புறம் நீங்க மத்த எதையும் படிக்க மாட்டீங்க என்றான். நான் அவன் வரிசைக்கு மஞ்சள் அடித்து, முழுமை இல்லை என்று குறித்து ஒதுக்கினேன். அதே பையனை நீ எடிசனில் சபையில் பார்த்துப் பழகி, தேங்ஸ்கிவிங் அன்று வந்து ஜூன் மாசம் கல்யாணம் என்று சொன்னாய். உன் மனசில் வெறுப்பு இல்லாமல் இருக்கலாம் அம்மா, உன் படிவத்தில் இருக்கிறது என்று சொன்னாய். நீ இங்கிலீஷில் சொன்னாய், எனக்குத் தமிழில் வலித்தது. என்னையா ஜாதி பாக்குறவள்னு சொல்ற என்று கத்தினேன், நம்ம ஆட்களுக்குள்ள பாத்தா என்ன தப்பு என்றும் அதே மூச்சில் கேட்டேன். கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றேன். நீ பையைக் கூடச் சரியாக மூடாமல் ஏர்போர்ட்டுக்குப் போனாய்.

இப்போது நேற்றைய கதைக்கு வா. ஆராதனை முடிந்து ஹாலில் கடைசிக் கூட்டம். என் நகலை வாசித்து முடித்ததும் லொரெயின் ஆண்ட்டி மெதுவாக ஒன்று சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூட பஸ் அவர்கள் தெருவுக்கு வராதாம். டிரைவர் தங்கமான மனுஷன், வழியில் பார்த்தால் கையசைப்பாராம், ஆனால் அந்தத் தெரு ரூட்டில் கிடையாது. அந்த மனுஷர் இருதயத்துல ஒண்ணும் இல்ல எமிமா, நான் மட்டும் ரெண்டு மைல் நடந்தேன் என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அதெல்லாம் உங்கள் ஊரில், எங்கள் இந்திய விசுவாசிகளிடம் அந்தப் பேச்சே இல்லை, நாங்கள் கல்யாணம் பேசுகிற முறையைப் பாருங்கள், ஆவிக்குரிய கேள்விதான் கேட்போம் என்று சொல்லி, லேப்டாப்பை புரொஜெக்டரில் மாட்டி, என் படிவத்தைச் சுவர் முழுக்கப் போட்டேன். நானேதான் போட்டேன், யாரும் கேட்கவில்லை.

ஹாங்க் அங்கிள் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்து, இந்த சமூகம் என்றால் என்ன, எந்தச் சபைப் பிரிவு என்றா என்று கேட்டார். இல்லை, அது மேலே இருக்கிறது என்றேன். அப்போ மொழியா என்றார். எல்லோரும் தமிழ்தான் என்றேன். ஊரா என்றார். கிட்டத்தட்ட, ஆனால் ஊர் இல்லை என்றேன். அப்புறம் தாத்தாவுக்குத் தாத்தா என்ன வேலை பார்த்தார், யார் வீட்டில் யார் சாப்பிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன், சொல்லச் சொல்ல என் காதிலேயே அது நன்றாக விழுந்தது. அதை ஒருத்தர் எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். கேட்டவர் மவுசைப் பிடுங்கித் தானே நிரப்ப ஆரம்பித்தார். ஹாங்க், ஆறடி ஒன்று, ஆற்றில் ஞானஸ்நானம் எடுத்தது பதினாறு வயதில். சமூகத்தை விட்டுவிட்டு அனுப்பு என்பதை அழுத்தினார். இந்தக் கேள்விக்குப் பதில் கட்டாயம் என்று சுவரில் முழ நீளத்துக்குச் சிவப்பு எழுத்து வந்து நின்றது. அவர் மறுபடி அழுத்தினார், மறுபடி வந்தது. ஞானஸ்நானம் எடுத்து ஐம்பது வருஷம் ஆச்சும்மா, கர்த்தர் சேர்த்துக்கிட்டார், உன் படிவம் சேர்க்க மாட்டேங்குதே என்றார்.

லொரெயின் ஆண்ட்டிதான் முதலில் சிரித்தார், கொயரே நடுங்குகிற சாரீரம் அது. பாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். நான் சிரித்தேன் பார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார வேண்டியதாகிவிட்டது. எந்த இடத்தில் அழ ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை, லொரெயின் நாப்கின் கொடுத்தபோதுதான் கவனித்தேன். படிவத்தில்தான் இருக்கிறது என்று நீ சொன்ன அதே வாக்கியம், மகளே. உன் வாயிலிருந்து வந்தபோது விஷமாக இருந்தது, சுவரில் சிவப்பாக வந்தபோது உண்மையாக இருந்தது.

அங்கேயே வேதத்தைத் திறந்தோம். ஆதித் திருச்சபையில் பந்தி பரிமாறியபோது கிரேக்க விதவைகளுக்குச் சாப்பாடு போகவில்லை என்று ஒரு முறையீடு வந்ததே, அதை நான் ஞாயிறு பள்ளியில் இருபது தடவையாவது சொல்லியிருப்பேன், ஒரு தடவையும் படித்ததில்லை போல. எபிரெய விதவைகள் சாப்பிட்டார்கள். கிரேக்கம் பேசிய ஆண்கள் எப்படியோ சமாளித்திருப்பார்கள். விதவையாகவும் இருந்து கிரேக்கமும் பேசியவர்களுக்குத்தான் தட்டு வரவில்லை. நீ இன்டர்செக்‌ஷனாலிட்டி என்ற அந்த நீளமான வார்த்தையில் சொன்னது இதுதானே, இரண்டு பாரம் ஒரே ஆள்மேல் விழுந்தால் தனியாக ஒரு கஷ்டம் என்று. அப்போஸ்தலர் எங்கள் மனசில் வெறுப்பு இல்லை என்று வாதாடவில்லை, சபையைப் பிரிக்காதீர்கள் என்று அதட்டவும் இல்லை, பந்தியைச் சரி செய்ய ஏழு பேரைப் போட்டார்கள். இதைக் கண்டுபிடித்ததும் நான் ஹாலில் எழுந்து நின்று கை தட்டினேன், என் வயசுக்கு அது அதிகம்தான்.

உடனே அம்மா உன் கட்சிக்கு வந்துவிட்டாள் என்று குதிக்காதே. அமைப்பு மட்டும்தான் பாவி என்றால் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, படிவமே கேட்டுக்கொள்ளட்டும். நட்சத்திரம் போட்ட விரல் என்னுடையது, அதற்கு எனக்கு இரட்சகர் வேண்டும். தோலைப் பார்த்து ஒருவரைக் குற்றவாளி என்று சொல்கிறவர்களையும் நான் ஏற்கவில்லை, ஹாங்க் அங்கிள் அதில் ஒரு அங்குலம் கூட நகரவில்லை, நீயும் கொஞ்சம் அவர் பேச்சைக் கேட்கலாம். கடைசியில் என் நகலைக் கிழித்துவிட்டு நால்வரும் சேர்ந்து எழுதியது இதுதான். எந்தக் கோட்பாடும் சுவிசேஷத்துக்கு மேலே இல்லை. ஆனால் தட்டு வரவில்லை என்று ஒருவர் சொன்னால் முதலில் பந்திக்குப் போய்ப் பார், அவர் எந்தப் புத்தகம் படித்தார் என்று அப்புறம் கேள். அடுத்த மாசம் ஓட்டுக்கு வரும், பாதிப் பேருக்குப் பிடிக்காது.

வீட்டுக்கு வந்ததும் படிவத்தில் நட்சத்திரத்தை எடுத்தேன். காபி குடித்துவிட்டு யோசித்தால் அதுவும் சரியாக இல்லை, எல்லோரும் எழுதி ஒருத்தன் மட்டும் எழுதாமல் விட்டால் விட்டதே அடையாளமாகிவிடும். கேள்வியையே அழித்தேன். இன்று காலையில் நம் ஐக்கியத்து சாம்ராஜ் அண்ணன் கூப்பிட்டு, அப்புறம் எப்படித் தெரிஞ்சுக்கிறது என்றார். தெரிஞ்சுக்க வேண்டாம் அண்ணே என்றேன். அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லி, நாம் கல்யாணத்துக்குப் போகிறோம் என்றேன். நான் சூட் வாங்கி ஒரு மாசம் ஆச்சு என்று அலமாரியைத் திறந்து காட்டினார். கல்லுளிமங்கன், இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு சூட்.

பிறகு கதிருடைய பழைய படிவத்தைத் தேடி எடுத்தேன். அவன் சொன்னது சரி, அந்த ஒரு கேள்வியோடு நிறுத்தியிருக்கிறேன், கீழே எதையும் படிக்கவில்லை. என் அப்பா இறந்த வருஷம் எனக்கு ஜெபிக்க வரவில்லை, சபையில் பாத்திரம் கழுவிக்கொண்டு மட்டும் இருந்தேன், கர்த்தர் அதை ஏற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன் என்று சாட்சியில் எழுதியிருக்கிறான். இதை நான் இரண்டு வருஷம் மஞ்சளுக்கு அடியில் வைத்திருந்தேனே, நிஸ்ஸி. மஞ்சளை எடுத்துவிட்டேன். கதிர் தம்பி, நீ இதை வாசிக்கிறாய் என்றால் உன்னிடம்தான் சொல்கிறேன், நான் செய்தது தப்பு, என்னை மன்னித்துவிடு. உடனே முடியாது என்றால் பரவாயில்லை, நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன், அங்கிருந்தும் பாட முடியும்.

நிஸ்ஸி, ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடைகளில் அவசரப்பட்டுக் கல்யாணச் சேலை வாங்கிவிடாதே, வெள்ளைப் பட்டுத் துணியை நான் தொட்டுப் பார்க்க வேண்டும். வைட்டமின் மாத்திரையை விடாதே, காதை மூடிக்கொள். கர்த்தர் உங்கள் இருவரையும் காத்து, உங்கள் வீட்டில் யார் வந்தாலும் ஒரு தட்டு அதிகமாக இருக்கும்படி ஆசீர்வதிப்பாராக. உன்னைக் கேட்காமலே உங்கள் பக்கத்து நூவர்க் ஏர்போர்ட்டுக்கு ஜூன் மாசம் டிக்கெட் எடுத்துவிட்டேன், கேன்சல் பண்ண முடியாத டிக்கெட், நான் அப்படி வாங்குகிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். டிக்கெட் எடுக்கிற படிவத்தில், அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு இடம் இருந்தது. அதில் கதிர் பெயரை எழுதி, அவன் படிவத்திலிருந்தே நம்பரை எடுத்துப் போட்டு, உறவு என்ற இடத்தில் மருமகன் என்று எழுதினேன். அந்தக் கேள்விக்கு நட்சத்திரம் இல்லை, விட்டிருந்தாலும் டிக்கெட் வந்திருக்கும்.

உன் அன்பு அம்மா,
எமிமாள் ஞானதுரை