சாப்பிட்டுவிட்டு வருகிறேன், இரு

லிக்செலே
21 ஜனவரி 1979

என் மரிட்சாவுக்கு,

நீங்கள் தெற்கே மால்மோவுக்குக் குடிபோய் மூன்று வாரம் ஆகிவிட்டது. போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்றாய். தபால்காரர் எங்கள் வேலியோரப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் நான் ஜன்னலில் போய் நிற்கிறேன். நேற்று அவர் கண்ணாடியைத் தட்டி, "என்ன பாப்பா, ராஜா உனக்குக் கடுதாசி போடறேன்னாரா?" என்று கேலி செய்தார்.

இங்கே மூச்சு விட்டால் கழுத்துத் துணியில் பனி படிகிற குளிர். வகுப்பில் உன் நாற்காலியில் இன்னும் யாரும் உட்காரவில்லை. உனக்குப் பிடித்த தென்துருவப் பயணப் புத்தகத்தின் இரண்டாம் பாகம் நூலகத்துக்கு வந்துவிட்டது. வண்டி இழுத்த நாய்களை அவர்கள் கடைசியில் என்ன செய்தார்கள் என்று மட்டும் கேட்காதே. படித்ததிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

நான் எழுத வந்தது வேறு. நீங்கள் கிளம்பிய அன்று, வழியில் சாப்பிட எங்கள் அம்மா சுட்ட இலவங்கப்பட்டை ரொட்டிகளைக் கொண்டுவந்தேன் அல்லவா? உன் அம்மா பையை வாங்கிக்கொண்டாள், "நன்றி" என்றாள், பிறகு அதைப் பேருந்து நிலையப் பெஞ்சில் வைத்துவிட்டு ஏறிவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் பேருந்தின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே ஓடினேன். அவள் ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தாள். நான் தூக்கிக் காட்டிய பையையும் பார்த்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நீ குனிந்தே இருந்தாய்.

நான் என்ன தப்பு செய்தேன்? நீ சொல்லாவிட்டால் எனக்குத் தெரியவராது. ஜூனில் நடுக்கோடைத் திருநாளுக்கு எங்கள் ஏரிக்கரைக் குடிலுக்கு நீ வரவேண்டும் என்பது என் ஆசை. அம்மா அப்பா இருவரும் சம்மதித்துவிட்டார்கள். சரி என்று ஒரு வரி போடு, போதும்.

உன் கடிதத்துக்காக ஜன்னலில் நிற்கும்,
உல்ரிகா


மால்மோ
9 பிப்ரவரி 1979

உல்ரிகாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமாக இருக்கிறோம். இங்கே பனி இல்லை, மழைதான். நான்காம் மாடியில் வீடு. அம்மாவுக்கு இங்கேயும் மருத்துவமனையில் துப்புரவு வேலை கிடைத்துவிட்டது.

ஜூனில் வர முடியாது. அம்மா அனுப்ப மாட்டாள். நானும் கேட்கப்போவதில்லை.

உன் அறையின் கூரைப் பலகையில், ஜன்னலுக்கு மேலே, ஒரு மரக்கணு நரி முகம் மாதிரி இருக்கும். மல்லாந்து படுத்தால்தான் தெரியும். நீ பார்த்திருக்க மாட்டாய். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நீ கீழே சாப்பிட்டுக்கொண்டிருப்பாய்.

மரிட்சா


லிக்செலே
18 பிப்ரவரி 1979

அன்புள்ள மரிட்சா,

உன் கடிதத்தைப் படித்ததும் ஓடிப்போய்ப் படுத்து நரியைத்தான் தேடினேன். இருக்கிறது, காதுகூட இருக்கிறது. அப்புறம்தான் உன் கடைசி வரியை மறுபடியும் படித்தேன். படித்தபடியே ரொம்ப நேரம் படுத்துக்கிடந்தேன்.

அதற்காகவா கோபம்? ஆனால் எல்லார் வீட்டிலும் அப்படித்தானே? நம் வகுப்புப் பெர்னிலா வீட்டில் நான் இருக்கும்போது சாப்பாட்டுக்கு அழைத்தால் அவள் "சாப்பிட்டுட்டு வரேன், இரு" என்று சொல்லிவிட்டுப் போவாள். வறுத்த பன்றிக்கறி வாசனை கதவிடுக்கு வழியாக வரும். நான் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்வேன். எனக்கு ஒன்றுமே தோன்றியதில்லை. எங்கள் அம்மா சொல்வாள்: "அவ அம்மா அங்க சமைச்சு வெச்சுட்டுக் காத்துட்டு இருப்பாங்க. இங்க வயிறு ரொம்பிட்டுப் போனா அந்தச் சாப்பாடு என்ன ஆகறது? அடுத்தவங்க வீட்டு விஷயத்துல நாம கை வைக்கக் கூடாது." அது மரியாதை, மரிட்சா. உங்களைக் குறைவாக நினைத்துச் செய்ததில்லை.

நானும் உங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்துகொண்டேன். உன் அம்மா மேஜை நிறையப் பரப்புவாள். நான் ஒவ்வொரு தடவையும் "வேண்டாம், நன்றி" என்று சொல்லித் தண்ணீர் மட்டும் குடித்தேன். எவ்வளவு நல்ல வாசனை வந்தாலும் தொடவில்லை. ஒருநாளும் உன் அம்மாவுக்கு நான் பாரமாக இருந்ததில்லை. வீட்டில் சொன்னபோது அம்மா என் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

இப்போது புரிகிறது அல்லவா? ஜூனில் வா.

நரியின் கீழே படுத்திருக்கும்,
உல்ரிகா


மால்மோ
4 மார்ச் 1979

உல்ரிகா,

புரியவில்லை. உனக்குத்தான் எதுவும் புரியவில்லை. கோபத்தில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் திருத்தாதே.

சிலி நாட்டில் எங்கள் வீட்டில், அப்பாவை ராணுவம் பிடித்துக்கொண்டு போன பிறகும், சாப்பாட்டு நேரத்தில் யார் வாசலில் நின்றாலும் அம்மா உட்காரவைத்துவிடுவாள். தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவருக்குக்கூட ஒரு கிண்ணம் உண்டு. குழம்பு போதவில்லை என்றால் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைப்பாள், தன் கிண்ணத்தைக் கடைசியில் நிரப்புவாள். ஆள் யார் என்று அவள் கேட்டதே இல்லை.

உன் வீட்டிலிருந்து வந்த முதல் நாள் அம்மா கேட்டாள்: "என்னடி போட்டாங்க?" நான் உண்மையைச் சொல்லியிருந்தால் மறுநாள் என்னை உன்னிடம் விட்டிருக்க மாட்டாள். அதனால் "இறைச்சி உருண்டை" என்றேன். அடுத்த முறை "மீன்". அப்புறம் "அப்பம், பழக்கூழோட". கீழேயிருந்து வரும் வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். வீட்டுக்கு வந்து, வயிறு நிறைந்தவள் மாதிரி சும்மா இருப்பேன். ராத்திரி அம்மா தூங்கின பிறகு ரொட்டி தின்பேன். எல்லாம் உன் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கத்தான்.

அம்மா நம்பினாள். "நல்ல ஜனங்க. நாம திருப்பிச் செய்யணும்" என்று, வேலை முடிந்த கையோடு ஊரெல்லாம் சோளம் தேடி, அரைத்து, இறைச்சிமேல் பரப்பி, உனக்காகச் சுட்டாள். நீ "வேண்டாம், நன்றி" என்றாய். அடுத்த வாரம் வேறு செய்தாள். அதற்கும் "வேண்டாம், நன்றி". நீ போன பிறகு தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "கூட்டித் துடைக்கிற கைன்னு அருவருப்பா இருக்கோ?" என்றாள். நான் இல்லை என்றேன். வேறு காரணம் எனக்கும் தெரியாது.

டிசம்பரில் கூட்டுறவுக் கடையில் உன் அம்மாவைப் பார்த்தோம். அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, தன் ஓட்டை சுவீடிஷில், "என் பொண்ணுக்கு இத்தன நாள் சாப்பாடு போட்டீங்க, ரொம்ப நன்றி" என்றாள். உன் அம்மா பதறிவிட்டாள். "ஐயோ, இல்லவே இல்லீங்க! நாங்க ஒருநாளும் அவளுக்குச் சாப்பாடு போட்டதில்ல. அப்படிச் செய்வோமா? நாங்க சாப்பிடறப்ப அவ மேல ரூம்லதான் இருப்பா. நீங்க கவலையே படாதீங்க!" சிரித்துக்கொண்டே சொன்னாள், உல்ரிகா. ஆறுதல் சொல்கிற மாதிரி.

அம்மா கத்தவில்லை. வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் முட்டை பொரித்து என் முன்னால் வைத்தாள். நான் அதற்கு முன்பே சாப்பிட்டிருந்தேன். ஆனாலும் தின்றேன். கடைசி வாய்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இனிமே அந்த வாசப்படி மிதிக்காத" என்றாள். பிறகு, "நம்மள என்னன்னு நெனச்சாங்க?" என்று கேட்டாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. அடுப்பைப் பார்த்துக் கேட்டாள்.

மரிட்சா


லிக்செலே
25 மார்ச் 1979

அன்புள்ள மரிட்சா,

உன் கடிதத்தை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். உன்னிடம் கேட்காமல் கொடுத்தது தப்பு. ஆனால் கொடுக்காமல் என்னால் அவளோடு மேஜையில் உட்கார முடியவில்லை.

படித்துவிட்டு முதலில், "ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே விளக்கிச் சொல்லியிருப்பேனே" என்றாள். பிறகு குழாயைத் திறந்துவிட்டு, எதையும் கழுவாமல் நின்றாள். அதை மூடிவிட்டு, இதுவரை எங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அவளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது, மரம் வெட்டப்போன தாத்தாவின் கால் நசுங்கிவிட்டதாம். அந்தக் குளிர்காலம் முழுக்க, ஏழைகளுக்கான உதவி என்று, ஒரு பெரிய பண்ணை வீட்டில் போய்ச் சாப்பிடும்படி ஊர்ச்சபை ஏற்பாடு செய்ததாம்.

"நான் எடுக்கற உருளைக்கிழங்க அந்த வீட்டம்மா கண்ணாலயே எண்ணுவா. ஞாயித்துக்கிழம சர்ச்சுல எல்லார் முன்னாலயும் 'இந்தப் பொண்ணு நல்லா சாப்பிடுது'ம்பா. அப்பவே முடிவு பண்ணேன். எந்தப் பிள்ளையையும் என் மேஜையில அப்படி உக்கார வெக்கக் கூடாதுன்னு."

அப்புறம் சொன்னாள்: "மரிட்சாவோட அம்மா என் கையைப் பிடிச்சாங்க. நான் என்ன பேசி வெச்சிருக்கேன்!"

மறுநாள் பெர்னிலா வந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டதும் அவளை மேலே விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே போனேன். அப்பா தட்டுகளைப் பார்த்தார், அம்மா அப்பாவைப் பார்த்தாள். கறித்துண்டு ஆளுக்கொன்றுதான் இருந்தது. அம்மா தன்னுடையதை வெட்டி வைத்தாள். பெர்னிலா காது வரை சிவந்து, சர்ச்சில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து, பாதியை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். "எங்க பொண்ணுக்கு நாங்க சாப்பாடு போடறதில்லன்னு ஊருக்குச் சொல்லணுமா உங்களுக்கு?" என்று அவள் கத்தியது மேஜை வரை கேட்டது. அப்பா மட்டும் கறியை மென்றுகொண்டே, "அடுத்த தடவ குதிரைக்கும் ஒரு தட்டு போடலாம்" என்றார்.

ஆகவே, எது மரியாதை என்றே எனக்கு இப்போது தெரியவில்லை. நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இது இல்லை. ஒன்று மட்டும் நிச்சயமாகத் தெரிகிறது. நீ பசியோடு மேலே படுத்திருந்தாய், நான் கீழே இருந்தேன். ஒருநாள்கூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

நீ ஜூனில் இங்கே வரவேண்டாம். நான் அங்கே வரட்டுமா? உன் அம்மாவிடம் நானே சொல்ல வேண்டும், அவள் கை எனக்கு ஒருநாளும் அருவருப்பாக இருந்ததில்லை என்று. உள்ளே விடாவிட்டால் வாசலிலேயே சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

உன் பதில் எதுவானாலும் ஏற்றுக்கொள்ளும்,
உல்ரிகா


மால்மோ
20 மே 1979

உல்ரிகா,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடவில்லை. போடக் கூடாது என்றுதான் இருந்தேன். போன வாரம் நடந்ததை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

மூன்றாம் மாடியில் கமில்லா என்று ஒரு பெண் இருக்கிறாள். முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா வேலையிலிருந்து வந்து பீன்ஸ் குழம்பு வைத்தாள். வாசனை வீடு முழுக்கப் பரவியது. அம்மா கூப்பிட்டதும் நான் கமில்லாவிடம், "நீ இங்கயே இரு, சாப்பிட்டுட்டு வரேன்" என்று சொல்லி, கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, உல்ரிகா. என் வாயே சொன்னது. நாங்களும் எல்லாரையும் போல ஒழுங்கான குடும்பம்தான் என்று அவள் நினைக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது.

மேஜையில் மூன்று கிண்ணம் இருந்தது. அம்மா கேட்டாள்: "அந்தப் பொண்ணு எங்க?"

"ரூம்ல இருக்கா. அவங்க வீட்டுல சமைச்சிருப்பாங்கம்மா."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ யாரு வீட்டுப் பொண்ணுடி?"

அவள் போய்க் கமில்லாவைக் கையைப் பிடித்து அழைத்துவந்து, என் நாற்காலியில் உட்காரவைத்தாள். என்னைப் பார்த்து, "நீ போ. நாங்க முடிச்சிட்டுக் கூப்பிடறோம்" என்றாள். நான் போய்ப் படுக்கையில் உட்கார்ந்தேன். கரண்டிச் சத்தம் கேட்டது. அம்மா ஏதோ தப்பான சுவீடிஷில் சொன்னாள், கமில்லா சிரித்தாள், அம்மாவும் சிரித்தாள். "இன்னொரு கரண்டி?" "ம்ம்." அவள் வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

கமில்லா போன பிறகு அம்மா என் கிண்ணத்தைக் கொண்டுவந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "இப்படித்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அந்த நேரத்துல அவ என்ன பண்ணுவா?"

"லபக் லபக்குன்னு தின்னுட்டு ஓடி வருவா. வந்தும் மென்னுட்டே இருப்பா. கீழேருந்து அவங்க அப்பா, 'முழுங்கிட்டுப் போடி, மாடிப்படில விக்கிச் சாகப்போற'ன்னு கத்துவாரு."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் உன் கடிதத்தை எடுத்து, உன் அம்மா உருளைக்கிழங்கு தின்ற கதையை வாசித்துக்காட்டினேன். மறுபடி வாசிக்கச் சொன்னாள். "எட்டு வயசுப் பிள்ளைய உக்கார வெச்சு எண்ணியிருக்காளே, பாவி" என்றாள். பிறகு எழுந்து போகும்போது சொன்னாள்: "அந்தப் பொண்ண வரச் சொல்லு. வேணுமா, வேண்டாமான்னு நான் கேக்க மாட்டேன். என் பாட்டுக்குப் போடுவேன். சாப்பிடறதும் சாப்பிடாததும் அவ பாடு."

இது அம்மா சொன்னது. அவளுக்குத் தீர்ந்துவிட்டது. எனக்குத் தீரவில்லை. கமில்லாவின் முகத்தில் கதவைச் சாத்தியதிலிருந்து, என் கோபம் உன் மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. நீ வந்தால் முதல் இரண்டு நாள் நான் பேசாமல்கூட இருப்பேன். அம்மாவிடம் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல். என்னிடம் மன்னிப்பு மட்டும் கேட்காதே. கேட்டால் நான் "பரவாயில்லை" என்று சொல்ல வேண்டிவரும், அதை இன்னும் என்னால் சொல்ல முடியாது.

அப்படியும் வருவாய் என்றால், ரயில் எத்தனை மணிக்கு வரும் என்று எழுது.

மரிட்சா