முதுகு காட்டி நின்றவன்

பாறசாலை
செப்டம்பர் 1954

அன்பு மகன் சுவாமிதாசுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், கண்டியில் நீயும் மருமகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இதைத் தபாலில் போட மனம் வரவில்லை, அங்கே திரும்புகிற ஈசாக்கிடம் கொடுத்துவிடுகிறேன். உன் மகன் எலியாவைப் போலீஸ் கொண்டுபோன செய்தி வந்திருக்கும். துண்டால் முகத்தை மூடியிருக்கலாமே என்று கேட்பாய். பனச்சமூட்டு ஊர்வலத்துக்கு முன்பு மற்றப் பையன்களும் அதைத்தான் சொன்னார்கள், இவன்தான் கேட்கவில்லை. நம்மைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி நியாயம் கேட்கிறோம், முகத்தை மூடினால் பேப்பர்க்காரன் கள்ளன்மார் என்று எழுதுவான், கம்பும் வேண்டாம் என்று சொல்லி எல்லாரையும் வெள்ளைச் சட்டை போட வைத்தான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது மக்கா. படம் பிடிக்க ஆள் வந்தபோது நேராகப் பார்த்து நின்றிருக்கிறான். மறுநாள் பேப்பரில் கலகக்காரர்கள் என்று போட்டிருந்தது. எலியா சிரித்தபடி நிற்கிறான், பக்கத்தில் ஒருத்தன் முதுகு காட்டிக் குனிந்து கல் எடுக்கிறான். அத்தனை வெள்ளைச் சட்டையும் போய் அந்தக் கல்தான் மிச்சம்.

அந்த முதுகு யாருடையது என்று ஊருக்கே தெரியும், இதில்கூட எழுத மாட்டேன். பெயரைச் சொன்னால் எலியாவை விடுவார்களாம். உலை வைக்கும்போது சபைக்கென்று எடுக்கிற பிடியரிசியை இப்போது ஜெயிலுக்குப் போனவர்களின் வீடுகளுக்காக என்னிடம் சேர்க்கிறார்கள், இந்துக்கள் வீட்டுப் பெண்களும் கொண்டுவருகிறார்கள். அந்த முதுகுக்காரன் பெண்டாட்டியும் வருகிறாள், நிறைமாசம். இரண்டு பிடி போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போவாள். நெய்யாற்றின்கரை ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அந்தப் படத்தை என்னிடமே நீட்டினார். ஐந்தாம் வகுப்பு படித்து, தெருவுக்கே பேப்பர் வாசித்துக் கொடுக்கிற நான், கண்ணில் பூ விழுந்திருக்கிறது, தெளியவில்லை என்று சொல்லிவிட்டேன். அங்கேயே எலியாவைப் பார்க்க விட்டார்கள், ஒரு காது வீங்கியிருந்தது. “பாட்டி, அது எனக்க முதுகாக்கும்னு சொல்லிப் பாத்தேன், ஒரு படத்துல ரெண்டு எலியாவா லேன்னு கேட்டு அடிச்சானுவ” என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் திருவனந்தபுரம் ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எப்போது விடுவார்கள் என்று வக்கீலுக்கும் தெரியவில்லை.

கர்த்தர் உங்கள் இருவரையும் கைவிடாமல் காக்கட்டும். மருமகள் அழுதால் அதட்டாதே. எலியாவுக்கு எழுதும்போது சாப்பாட்டையும் உடம்பையும் மட்டும் கேள், பெயரைச் சொல்லிவிட்டு வெளியே வா என்று எழுதிவிடாதே. நான் சொன்னால் கேட்க மாட்டான். அப்பன் சொன்னால் கேட்டுவிடுவான், அதுதான் என் பயம்.

இப்படிக்கு,
உன் அம்மா
தங்கபாய்