மூடி போட்ட ஒரு நாள்

மார்ச் 9
எனக்குக் காது கேட்கவில்லை என்று மருமகள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தவறு. காது நன்றாகவே கேட்கிறது. நாக்கின் அடியில் இருந்த கட்டியை எடுத்தபோது கழுத்தில் துளையிட்டு மூச்சு விட ஒரு குழாய் வைத்தார்கள். அதனால் பேச்சு வரவில்லை. அவ்வளவுதான். கதவுக்கு வெளியே மகன் டாக்டரிடம், "குழாய சீக்கிரம் எடுத்துட முடியுமா சார்?" என்றதும் கேட்டது. ஏன் இந்த அவசரம்? ஆஸ்பத்திரிக்கு நடக்க அலுத்துவிட்டதா?

மார்ச் 10
டாக்டர் விளக்கினார். குழாயின் வாயில் மூடி போடுவார்களாம். இருபத்துநாலு மணி நேரம் மூக்கு, வாய் வழியாகவே மூச்சு விடவேண்டும். தாங்கினால் குழாயை எடுப்பார்கள். "தாங்காதப்ப எடுத்துட்டா, அவசரமா மறுபடி கழுத்தத் திறக்க வேண்டியிருக்கும்மா." மகன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 11
காலை எட்டுக்கு மூடி போட்டாயிற்று. இந்த நர்ஸ் எதற்கும் சிரிக்கிறாள். அப்படிப்பட்டவர்களை நம்பி எனக்குப் பழக்கமில்லை. "மூச்சு முட்டுச்சுன்னா பெல் அடிங்க பாட்டி" என்றாள். பிறகு, நான் எழுதுவதைப் பார்த்து, "என்ன, எனக்கு மார்க் போடுறீங்களா?" நோட்டை மூடிவிட்டேன்.

மார்ச் 12
காலை எட்டு. கட்டிலில் தொங்கும் குறிப்பு அட்டையை எட்டிப் பார்த்தேன். '24 மணி நேரம் தொடர்ந்து. சிரமம் இல்லை.' அவள் கையெழுத்து. பார்க்காமலே எழுதியிருக்கிறாள்! கட்டில் காலியாக வேண்டும், எல்லாரும் சேர்ந்துகொண்டு — நாளை காலை பத்து மணிக்குக் குழாயை எடுக்கிறார்களாம்.

அன்றே, மாலை
"நடுவுல மூடியக் கழட்டினீங்களாம்மா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

நர்ஸ் எப்படிப் பார்த்திருப்பாள்! பிராணவாயு அளக்க விரலில் மாட்டியிருந்த கிளிப்பைக் கழற்றி வைத்துவிட்டு, குளியலறையைத் தாழிட்டுக்கொண்டல்லவா மூடியைத் திறந்தேன். இரண்டு தடவை. சளி அடைத்தது. நாலு பேர் முன் வாயைப் பிளந்து இருமக்கூடாது என்று கான்வென்ட்டில் பதினோரு வருஷம் வளர்ந்தவள் நான். அவர் போன அன்றுகூட யார் முன்னாலும் அழவில்லை. பெல் அடிக்கக் கை வரவில்லை.

மகன் வந்தான். "உன் குரலக் கேட்டு எத்தன நாளாச்சும்மா. திட்டவாவது திட்டேன்." அவசரம் அதற்குத்தானா? நான் என்னவெல்லாம் நினைத்தேன்.

மார்ச் 13, காலை ஆறு
டாக்டருக்குக் கொடுத்தனுப்பிய சீட்டின் நகல்:

ஐயா, பதினோராம் தேதி பகல் பதினொன்றரைக்கும் மாலை ஐந்துக்கும் நானே மூடியைக் கழற்றினேன். தலா பத்து நிமிடம். மூச்சு முட்டியது. நேற்று இல்லை என்றது பொய். நர்ஸ் மேல் குற்றமில்லை. இன்று குழாயை எடுப்பீர்களா, மறுபடி மூடி போட்டுப் பார்ப்பீர்களா? பத்து மணிக்கு முன் பதிலை இந்தச் சீட்டிலேயே எழுதி அனுப்பவும்.