வால்வுக்குள் பூசும் வெள்ளைப் பொடி

என் தங்கமே தஸ்னீம்,

உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. அதிலிருந்து மூன்றரை மாசம் தள்ளிப்போட்டுவிட்டேன். சோம்பல் இல்லைடி, பயம். எழுத உட்கார்ந்தால் உன்னிடம் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். அதைக் கேட்கிற தைரியம் இப்போதுதான் வந்திருக்கிறது, அதுவும் முழுசாக இல்லை.

நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அதனால் உனக்குத் தெரிந்ததையும் நடுநடுவே சொல்வேன். "ஏய், எனக்கே கிளாஸ் எடுக்கறியா" என்று கோபித்துக்கொள்ளாதே.

ஆம்பூருக்கு வெளியே, உன் அப்பாவின் பழைய தோல் குடோனில் வால்வு செய்கிறோம் என்றால் இன்னும் யாரும் நம்புவதில்லை. "சைக்கிள் டியூப்ல வெக்கறதாம்மா?" என்றுதான் முதல் கேள்வி வருகிறது. பழைய ரேடியோவுக்குள் ஆரஞ்சு வெளிச்சமாக எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழல் என்று நான் விளக்குவேன். அதை ஆம்ப்ளிஃபயரில் போட்டுப் பாட்டுக் கேட்கிறவர்கள் பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள், கிடைக்காமல் அலைகிறார்கள் என்பேன். கேட்டவர்கள் என் முகத்தைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

உன்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. "தோலை ஷூவாக்கற ஊருடி இது. கண்ணாடிய வால்வாக்க முடியாதா?" என்று நீ கேட்டால் எதிரில் இருப்பவர் தலையாட்டிவிடுவார். நானும் அப்படித்தான் ஆட்டினேன். வேலூர் காலேஜில் நீ எலக்ட்ரானிக்ஸ், நான் பிசிக்ஸ். ஹாஸ்டல் மெஸ்ஸில் ஆட்டிய தலை, என் மகள் யாழினிக்கு ஒரு வயசு ஆனதும் என்னை உன் குடோனில் கொண்டுவந்து நிறுத்தியது.

வால்வுக்கு உயிர் எங்கே இருக்கிறது என்று நீதான் காட்டினாய். வைக்கோல் துரும்பைவிட மெல்லிய நிக்கல் குழாய். அதன்மேல் ஸ்ப்ரே கன்னால் பூசுகிற வெள்ளைப் பொடி. பேரியம் கலந்த பொடி. சூடேறினால் அந்தப் பூச்சிலிருந்துதான் எலக்ட்ரான் கிளம்பும். பூச்சு கெட்டால் வால்வு செத்தது. குழாயை மைக்கா என்கிற அபிரக வில்லையில் கோத்து, கண்ணாடிக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி, மூடிவிட வேண்டும். மூடிய பிறகு அந்தப் பொடியால் யாருக்கும் ஆபத்தில்லை. செய்கிற கைக்குத்தான்.

அந்தப் பொடி டப்பாவோடு ஒரு தாள் வந்ததே, நினைவிருக்கிறதா? இரண்டு பேரும் சேர்ந்துதான் படித்தோம். விழுங்கினால் இதயத் துடிப்பு தடுமாறும் என்று போட்டிருந்தது. எலி மருந்தில் சேர்க்கிற சரக்கு என்று நான் சொன்னேன். "இதப் போயி யாருடி வாயில போடுவா?" என்று சிரித்துவிட்டு தாளை ஃபைலில் சொருகினாய். நானும் சிரித்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீ கிளாஸைப் பிடித்த கையோடு உன் வீட்டு வாசலில் சாய்ந்துவிட்டாய். முப்பத்தொரு வயசு. இதயம் தாளம் தப்பிவிட்டது என்றார்கள். அன்றைக்கு எனக்கு அந்தத் தாள் நினைவுக்கு வரவில்லை. அழத்தான் தெரிந்தது.

உனக்குப் பிறகு குழாயை யார் கோப்பது என்ற கேள்வி வந்தது. நீ இருந்தவரை அந்த வேலையை யாரிடமும் விட்டதில்லை. இடுக்கியால் ஒவ்வொன்றாக நீயேதான் கோப்பாய். செல்வி அக்காவிடமும் ஜபீனிடமும் மற்ற இரண்டு பேரிடமும் நான் ஒப்படைத்தேன். எல்லோரும் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைத்தவர்கள், விரல் அவ்வளவு சுத்தமாக ஓடும். ரப்பர் விரலுறை மாட்டிக்கொண்டு, உன்னைவிட மூன்று மடங்கு வேகத்தில் கோத்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்று பேட்ச் போட்டோம். சோதனைக்காக எரியவிட்ட மூன்றாம் நாளே ஒரு டஜன் தவிர எல்லாம் சோர்ந்து விழுந்தன. பம்பைக் கழற்றினேன், கண்ணாடியை மாற்றினேன். பக்கத்துத் தோல் பதனிடும் டேனரிக் காற்றைக் குறை சொல்லி ஜன்னல்களுக்கெல்லாம் டேப் ஒட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் ஒரு ஸ்டூலைப் போட்டு செல்வி அக்கா எதிரில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்தேன்.

"அக்கா, இப்ப இன்னா பண்ணீங்க?"

"இன்னா பண்ணேன்? மைக்காவ எடுத்து வெச்சேன்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி ஒண்ணும் பண்ணலியே."

அவருக்குத் தெரியவே இல்லைடி. ஜபீன்தான் சிரித்தாள். "எச்சி தொட்டீங்கக்கா."

"நீ மட்டும் தொடலியா? காலைலேருந்து பாக்கறேன், கன்னுக்குட்டிய மாடு நக்கற மாதிரி நக்கிக்கினு கீறே."

உனக்குப் புரிகிறதா? ஷூ கம்பெனியில் ஒட்டிக்கிடக்கிற லைனிங்கில் ஒன்றை மட்டும் பிரித்தெடுக்க விரலை நாக்கில் தொட்டுக்கொள்வார்கள். இருபது வருஷப் பழக்கம். விரலுறை மாட்டினாலும் உறையையே நாக்கில் தொடுகிறார்கள். எச்சிலில் இருக்கிற உப்பு போதும், பூச்சைக் கெடுக்க. அவர்களை மட்டும் ஏன் சொல்கிறேன்? குடியாத்தத்தில் தறி வீட்டில் பிறந்தவள் நான். அறுந்த இழையை எச்சில் தொட்டு முறுக்கித்தான் வளர்ந்தேன். என் விரலுறையைப் பார்த்தேன். ஈரம்.

ஒரு அரை மணி நேரம் சந்தோஷமாக இருந்தேன், காரணம் கிடைத்துவிட்டதென்று. "எச்சிதான் வால்வக் கொன்னுச்சுன்னா இனிமே வாயில துணி கட்டிக்கறோம்" என்று செல்வி அக்கா சொன்னார். வாய் என்று அவர் சொன்னதும்தான் எனக்குச் சுருக்கென்றது. எச்சில் பொடிக்குப் போனால், பொடி எங்கே போயிருக்கும்?

அந்தக் கணம்தான் திரும்பிப் பார்த்தேன். பேக்கிங் மூலையில் யாழினி காலை நீட்டி உட்கார்ந்து 'வேலை' செய்துகொண்டிருந்தாள். குப்பையில் போட்ட மைக்கா துண்டுகளை வரிசையாக அடுக்குகிறாள். ஒவ்வொரு துண்டுக்கும் குட்டி விரல் நாக்குக்குப் போய்விட்டு வருகிறது. எங்களைப் பார்த்துக் கற்றது. மூன்று வயசுடி அவளுக்கு. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று நான்தான் தினமும் தூக்கிவந்தேன். அவள் அப்பா குமரனுக்கு ஷிஃப்ட், மாமியார் தறியை விட்டு வரமாட்டார். எல்லாக் காரணமும் என்னிடம் இருந்தது.

அவள் வாயைத் தண்ணீரால் எத்தனை முறை கழுவினேன் என்று தெரியாது. பஸ்ஸில் வேலூர் போகிற வழியெல்லாம் அவள் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிக்கொண்டே வந்தேன். எண்ணிக்கை தவறும், மறுபடி ஒன்றிலிருந்து. "அம்மா, இன்னா வெள்ளாட்டு இது?" என்று கேட்டாள். ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன நெஞ்சில் ஒயர் ஒட்டினார்கள். ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் நான் என்னவாக இருந்தேன் என்று குமரனைத்தான் கேட்க வேண்டும். சாப்பிடும்போதும் கையை அவள் முதுகில் வைத்திருந்தேனாம்.

யாழினிக்கு ஒன்றுமில்லை என்று வந்தது. "இப்ப ஒண்ணுமில்ல. இனிமே அந்த எடத்துக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க" என்றார் டாக்டர். இனிமே என்று ஒன்று அவளுக்கு இருக்கிறதே என்று, அந்த வார்த்தையையே பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

மறுநாள் நான்கு பேரையும் கூட்டிப்போனேன். செல்வி அக்காவுக்கு மட்டும் ரத்தத்தில் பொட்டாசியம் கம்மி என்றார்கள்; பேரியம் அதைத்தான் குறைக்குமாம். ரொம்ப நாளாகக் கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறதாம், வயசாகிவிட்டது என்று நினைத்திருக்கிறார். பொடியினாலா என்று டாக்டரைக் கேட்டேன். "ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது" என்றார். மருந்து சாப்பிட்டு இப்போது சரியாகிவிட்டது. அக்கா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "எலி மருந்தா? நம்மூட்டு எலிங்க இன்னும் நல்லாத்தானே ஓடுது" என்று சிரிக்கிறார். நான் சிரிக்கவில்லை. ஒருமுறை சிரித்தது போதும்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். ஸ்ப்ரே கன் அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் நீ என்ன செய்வாய்? மூக்கைக் கழற்றி, உதட்டில் வைத்து, ஃபூ என்று ஊதுவாய். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. ஊதிவிட்டு உதட்டைத் துப்பட்டாவில் துடைப்பாய். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், ஒருநாள் "மீசை முளைச்சிடுச்சு" என்று கேலிகூடச் செய்திருக்கிறேன். தஸ்னீம், அந்தப் பொடியா உன்னைக் கொண்டுபோனது? நான் வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ இருந்திருப்பாயா?

இந்தக் கேள்வியோடு உன் அம்மாவை, நீ அம்மி என்று கூப்பிடுகிறவரை, பார்க்கப் போனேன். யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு, உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். தாள், பொடி, ஊதியது, நான் சிரித்தது எல்லாம். அம்மி கொத்தமல்லி ஆய்ந்துகொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"நீ இப்பதான் கேக்கறே. நான் அஞ்சு மாசமா கேட்டுக்கினு கீறேன்" என்றார்.

உள்ளே போய், ஊசி போட்ட தேதி எழுதுகிற ஒரு அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். உனக்கு ஒன்பது வயசில் முடக்குக் காய்ச்சல் வந்து இதயம் கெட்டிருந்ததாமே? மூன்று வாரத்துக்கு ஒரு ஊசியாமே? பதிமூன்று வருஷப் பழக்கத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயாடி நீ?

"போட்டியான்னா, 'போட்டாச்சு அம்மி, பேஜார் பண்ணாதே'ம்பா. கடைசி ஒரு வருஷம் பாரு, காலியா கெடக்கு. எனக்குப் படிக்கத் தெரியாமயா? அட்டைய வாங்கிப் பாக்கல, அவ்ளோதான்."

"அப்போ பொடியினால இல்லையா அம்மி?"

"எனக்கு இன்னா தெரியும் பேட்டி?" உன்னைக் கூப்பிடுகிற அதே 'மகளே'தான். "ரெண்டும் சேந்துகூட இருக்கும். பழியிலேருந்து உன்னையும் என்னால வுட முடியல, என்னையும் வுட முடியல." யாழினியின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். "இவள நாளைலேருந்து இங்க வுட்டுட்டுப் போ. அந்தக் குடோன் பக்கம் இவ காலு படக்கூடாது."

"உங்களுக்குச் சிரமம்..."

"சிரமம்னு தெரிஞ்சவ எச்சி தொட்டு எலி மருந்து கோத்தியா? போடீ."

திட்டிவிட்டார். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

கெட்ட வால்வுகளோடு, சோதனையில் தேறி நின்ற ஒரு டஜனையும் உடைக்காமல் தனியாக எடுத்துவைத்துவிட்டேன். உடைத்தால் உள்ளே இருக்கிற பொடி வெளியே வருமே. அதை அப்புறப்படுத்துகிற முறை தெரிந்தவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். வால்வுக்குச் சொல்லிவைத்துக் காத்திருக்கிறவர்களுக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன். பெங்களூர் பெரியவர் ஒருவர் மட்டும் பதில் போட்டார்: "பாட்டு எங்கும் போய்விடாது, அம்மா. முதலில் உங்கள் கைகளைப் பாருங்கள்." அந்தப் பதிலை எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்டினேன். பொடி டப்பாவோடு வந்த தாளை செல்வி அக்காவும் ஜபீனும் புரிந்துகொள்கிற தமிழில் எழுதி அதன் பக்கத்தில் ஒட்டினேன்.

பூச்சு வேலைக்குக் கண்ணாடிப் பெட்டி ஒன்று செய்தாயிற்று. அதில் பதித்த கையுறைக்குள் கையை விட்டுத்தான் பொடியைத் தொட முடியும். காற்றை உறிஞ்சி வடிகட்ட ஒரு மோட்டார். கோக்கிறவர்களுக்கு இடுக்கி மட்டும், வாய்க்கு முகமூடி. முதல்நாள் பொடி இல்லாமல், வெறும் குழாயை வைத்துப் பழகினோம். மத்தியானம் சாப்பிட முகமூடியைக் கழற்றினோம். ஐந்து முகமூடியிலும் உட்பக்கம், உதட்டுக்கு நேராக, ஈர வட்டம். எங்களுக்குத் தெரியாமலே நாக்கு விரலைத் தேடி வந்து துணியில் முட்டித் திரும்பியிருக்கிறது. ஜபீன்கூடச் சிரிக்கவில்லை. என் முகமூடியில்தான் வட்டம் பெரிசு.

இரண்டு வாரம் அப்படியே பழகினோம். தினமும் மத்தியானம் முகமூடியைத் திருப்பிப் பார்ப்போம். நேற்று ஐந்தும் காய்ந்திருந்தன. இன்றும். திங்கட்கிழமை பொடியைத் திறக்கலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். முதல் பூச்சு நான்தான் பூசுவேன் என்று சொல்லிவிட்டேன்.

மூடிவிட்டுப் போனால் என்ன என்று நினைக்காத நாள் இல்லை. யாழினிக்கு நான் வேண்டும். ஆனால் இந்த நாலு பேரும் திரும்பிப் போனால் அதே ஷூ கம்பெனி, அங்கே பசை வாசனையில் எந்தத் தாளை யார் படித்துச் சொல்வார்கள்? இங்கேயாவது தெரிந்த பயம் இருக்கிறது. இது நியாயமா, சாக்கா? நீ இருந்தால் ஒரே வரியில் சொல்லியிருப்பாய்.

"பயப்படாதடி" என்றுதான் சொல்லியிருப்பாய். அதை மட்டும் கேட்கமாட்டேன், தஸ்னீம். திங்கட்கிழமை பயந்துகொண்டேதான் அந்தக் கதவைத் திறப்பேன், செவ்வாய்க்கிழமையும் அப்படியே. பயம் விட்டுப்போச்சு, கை தானாக ஓடுகிறது என்று என்றைக்குத் தோன்றுகிறதோ, அன்றைக்குக் கதவைத் திறக்காமல் வீட்டுக்குப் போய்விடுவேன். இது உன்மேல் சத்தியம்.

உன் அம்மியிடம் திட்டு வாங்குகிற இன்னொரு மகள்,
யாழினியின் அம்மா,
கலை