குளத்துக்குப் போகாத ஐந்து சனிக்கிழமைகள்

பூதப்பாண்டி,
20 நவம்பர் 1955

அன்புள்ள அத்தானுக்கு, சத்தியபாய் எழுதுவது. அந்தக் காசநோய் ஆஸ்பத்திரியின் மலைக்குளிர் உங்கள் நெஞ்சைத் தொடாமல் கர்த்தர் காப்பாராக.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. கால் ஊனமான நாரை போன வருஷமே செத்துப்போயிற்றே, நானும் லீலாவும் அல்லவா குளத்தங்கரையில் குழிதோண்டிப் புதைத்தோம், இப்போது உன் கடிதத்தில் எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். லீலாவுக்கு இது தெரியாமல் போகாதே, அவள் எங்கே என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் அரிசி இருக்கிறதா என்று ஒருநாளும் கேட்காத மனுஷர், ஒரு நாரையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டீர்கள்.

இனி மறைக்க முடியாது. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு மேலே படியுங்கள்.

நான் குளத்துக்குப் போகவில்லை. குளத்துக்கு என்னென்ன பறவை வந்தது என்று வாராவாரம் எழுதச் சொல்லிப் போனீர்கள்; சனிக்கிழமைதோறும் பிள்ளைதான் பறவையைப் பார்த்துப் பெயர் சொல்லுவாள், நான் உங்களுக்கு எழுதுவேன். அம்மாவுக்குக் காக்கையும் கொக்கும் தவிர எதுவும் தெரியாது என்று ஒன்பது வயசுக்காரி சிரிப்பாள். அக்டோபர் ஒன்பதாம் தேதி அவளுக்குக் காய்ச்சல் கண்டது. பக்கத்தைவிட்டு நகர முடியாமல், நீங்கள் பறவைக் கணக்கு எழுதிவைத்த போன வருஷ நோட்டைப் பார்த்து எழுதி அனுப்பினேன். வருஷம்தோறும் அதே பறவைகள்தானே வருகின்றன என்று நினைத்துவிட்டேன்.

காய்ச்சல் கண்ட பதினோராம் நாள் விடியும்போது நம் லீலா போய்விட்டாள். விஷக்காய்ச்சல். டாக்டர் நான்கு தடவை வந்தார். கடைசி இரண்டு நாளும் உங்களைத்தான் கூப்பிட்டாள்.

உங்கள் அக்கா செல்லபாய் மைனிதான், "இப்ப எழுதாத ஏட்டி, கேட்டா தம்பி ஊசிய பாதியில விட்டுட்டு ஓடி வந்துருவான்" என்றார்கள். எனக்கும் அதே பயம். பிறகும் நான்கு வாரம் நோட்டைப் பார்த்தே எழுதினேன். ஒவ்வொரு கடிதத்திலும் கடைசி வரியில் லீலா சுகம் என்று எழுதினேன். போன வாரம் பார்த்து எழுதிய பக்கத்தில் அந்த நாரை உயிரோடு நிற்கிறது. அது செத்தது அடுத்த பக்கத்தில். நான் புரட்டிப் பார்க்கவில்லை. என்னை மன்னிப்பீர்களோ என்னவோ.

இன்று ஆராதனை முடிந்து தனியாகக் குளத்துக்குப் போனேன். நிறைய வந்திருக்கின்றன. உடம்பெல்லாம் கறுப்பு, நெற்றி மட்டும் வெள்ளை, தலையை ஆட்டி ஆட்டி நீந்துகிற ஒன்று நூற்றுக்குமேல் இருக்கும். பழுப்பு நிறத்தில், நீண்ட மூக்கால் சேற்றைக் குத்துவது பதினாறு. பெயர் கேட்க ஆளில்லாமல் வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அத்தான், வரவேண்டாம். வந்தாலும் கல்லறைத் தோட்டத்தில் மண்ணைத்தான் பார்க்கலாம். ஊசி முடியும்வரை அங்கேயே இருங்கள். இந்த இரண்டு பறவைகளின் பெயரையும் உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். அந்தக் கடிதம் வந்தால்தான் நீங்கள் அங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

உங்கள்
சத்தியபாய்