அந்த சிடியில் நீ இல்லை, அக்கா

என் பிரியமுள்ள கிரேஸ் அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நேற்று சிட்லபாக்கத்துக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே ஒரு பொய் சொல்லிவிட்டேன். அதை உன்னிடம் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முந்தைய பொய்யிலிருந்து தொடங்க வேண்டும்.

நாகர்கோவிலில் நாம் மூன்று பேரும் சேர்ந்து வாசித்தபோது பாட்டைத் தாங்கிப் பிடித்தது உன் கீபோர்டுதான். நீ தொடங்குவாய், நான் கிட்டாரோடு பின்னால் வருவேன், ராபின் டிரம்ஸை அடிக்காமல் தடவுவான். சர்ச் பாடகர் குழுவில் பழகிய கை உனக்கு. உன்னிடம் எந்தப் பாட்டும் அவசரப்பட்டதில்லை.

பட்டணம் வந்து சேலையூரில் தங்கியதும் எல்லாம் மாறியது. கேம்ப் ரோட்டு மாடி அறையில் ஜன்னலைச் சாத்தினாலும் பஸ் ஹாரன் உள்ளே வரும். அதை மீறி வாசித்து வாசித்தே நம் சத்தம் கூடிப்போனது. இங்குள்ள பேண்டுகளைக் கேட்கக் கேட்க எனக்கு வெறி பிடித்தது. கிட்டாரை உறும விட்டேன். ராபின் குச்சி உடைகிற மாதிரி அடித்தான். அக்கா, அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. இன்றும் பிடிக்கிறது. உன் கீபோர்டு மட்டும் அதில் ஒட்டாமல் நின்றது.

"இந்த இடத்துல நான் என்னலே வாசிக்க?" என்று கேட்பாய்.

"சும்மா ஒரே சுரத்தைப் பிடிச்சிட்டு நில்லுக்கா" என்பேன்.

உன் கீபோர்டு வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரில் இருந்த வேலையை விட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு, எங்களை நம்பி வந்தவள் நீ.

அந்தக் கல்லூரி நிகழ்ச்சியன்று சவுண்டு போடும் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அக்கா முன்னாடி கீற ஸ்பீக்கர்ல மட்டும் கேக்கணும், ஜனத்துக்குக் கேக்கக் கூடாது. அதானே? இன்னாபா இது, தெரிஞ்சா பேஜாரா பூடும்."

"தெரியாதுண்ணா" என்றேன்.

நீ கண்ணை மூடி ஆறு பாட்டும் வாசித்தாய். கைதட்டல் எழுந்தபோது சிரித்துக்கொண்டே குனிந்து வணங்கினாய். நான் கிட்டார் ஒயரைச் சுற்றுவதுபோலத் திரும்பிக்கொண்டேன். ராபினுக்கும் இது தெரியாது.

அன்று பதிவானது வேண்டும் என்று நீ கேட்டதால் பிரவுசிங் சென்டரில் சிடி போட்டுக் கொடுத்தேன். மறுநாள் வந்தாய்.

"நான் வாசிச்சது எங்கலே?"

"மிக்ஸிங்ல அமுங்கிட்டுக்கா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாய். "சரிலே" என்றாய். அடுத்த மாதம், பள்ளியில் பாட்டு டீச்சர் வேலை கிடைத்துவிட்டது என்று விலகினாய். தெரிந்துதான் சரி என்றாயா? நான் உண்மையைச் சொல்லட்டும் என்று காத்திருந்தாயா?

நீ காய்ச்சலில் படுத்திருக்கிறாய் என்று ராபின் சொன்னான். எந்த முகத்தோடு வருவது என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் நீ இல்லை.

ராபின் இப்போது சிறுசேரியில் வேலைக்குப் போகிறான். சனிக்கிழமை மட்டும்தான் பயிற்சி. மேடைகள் கிடைக்கின்றன. அந்தக் கல்லூரி நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள்.

நேற்று உன் அம்மா அதே சிடியைப் போட்டார்.

"மக்கா, இதுல எம்மவ வாசிக்கது எது? எனக்கு ஒண்ணும் பிடிபடல்ல. நீ காட்டித் தா."

என் கிட்டார் தனியாக வரும் இடத்தில் விரலைத் தூக்கி, "இதுதாம்மா" என்றேன். இப்படியும் ஒருவன் செய்வானா, அக்கா?

"மறுபடியும் போடு மக்கா" என்றார். நான்கு முறை போட்டேன். கண் நிறைந்து, "எவ்வளவு பலமா வாசிச்சிருக்கா பாரு! வீட்டுல அவ சத்தமே கேக்காதே" என்றார்.

எழுந்து வந்துவிட்டேன். இனி தினமும் காலையில் அதைக் கேட்கப் போகிறாராம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அம்மா வீடு திரும்பும்போது நான் வாசலில் நிற்பேன். அன்று நான் காட்டிய இடத்தில் வாசித்தது நீ இல்லை, நான் என்று சொல்வேன். நீ ஏன் அதில் இல்லை என்பதையும் விடாமல் சொல்வேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டால் அடுத்த ஞாயிறும் போவேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கும் யோக்கியதை அதற்குப் பிறகாவது எனக்கு வருகிறதா, பார்க்கலாம்.

உன் கூடப் பிறக்காத தம்பி,
ஜெயசிங்