கூப்பாட்டுக்காரிக்குத் திட்டத் தெரியாது

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நம் வாயாடிப் பெண் என் எதிரில் உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு படம் வரைகிறாள். இதை முதலில் எழுதிவிட்டேன். மீதியை நீங்கள் பயப்படாமல் படிக்கலாம். பயப்பட வேண்டியதை எல்லாம் உங்களுக்கும் சேர்த்து நானே பயந்து முடித்துவிட்டேன்.

உங்கள் கடிதம் போன வாரம் கிடைத்தது. அதற்குப் பதில் கடைசியில். நீங்கள் வேலை பார்க்கும் கப்பல் அடுத்த கரையைத் தொடுவதற்குள் யாராவது கண், காது, மூக்கு வைத்து உங்களிடம் சொல்லிவிடுவார்கள். அதற்கு முன்னால் வியாழக்கிழமை நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

அன்று ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து இருபத்திரண்டு பிள்ளைகள் நம் மலைப் பூங்காவின் மூன்றாம் தடத்தில் நடக்க வந்தார்கள். வழிகாட்டி நான். வாயாடிக்கு விடுமுறை. தனியாக விட்டால் வீட்டைத் தலைகீழாக்கிவிடுவாள் என்று கூடவே கூட்டிப் போனேன். வாசல் பதிவேட்டில் இருபத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் பெண்ணை எதற்கு எழுதுவது? அவள் என்ன பார்வையாளரா? நீங்கள் பூங்காத் தச்சராக இருந்து அந்த மலையில் மரப்படிகளை அடித்தபோது ஆணி எடுத்துக் கொடுத்தவள் ஆயிற்றே.

கூப்பாட்டுப் பாறை தெரியும் வளைவில், உங்கள் படிகளுக்குப் பக்கத்தில், எல்லோரையும் நிறுத்திக் கதை சொன்னேன். அங்கே பலகையில் இருப்பது இரண்டே வரி. குழந்தையைத் தொலைத்த ஒருத்தி இன்னும் இங்கே தேடி அலைகிறாள் என்று. மீதி எல்லாம் என் கைச்சரக்கு. மூடுபனி இறங்கினால் கூப்பாட்டுக்காரி வருவாள், உன் அம்மா குரலிலேயே உன் பேர் சொல்லிக் கூப்பிடுவாள், வாயைத் திறக்காதே, குரல் வருகிற பக்கம் போகாதே, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துகொள் என்று. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வளைவில் கூப்பிடும் குரல் பாறையில் பட்டு எதிர்ப்பக்கமிருந்து கேட்கும். அதை நம்பி நடந்தால் பள்ளத்தில்தான் கால் வைக்க வேண்டும். எதிரொலி என்று விளக்கினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். கூப்பாட்டுக்காரி என்றால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

கதை முடிவதற்குள் பனி இறங்கிவிட்டது. மளமளவென்று திரும்பினோம். மரப்பாலத்தில் எண்ணினேன், இருபத்திரண்டு. வாசலில் எண்ணினேன், இருபத்திரண்டு. பதிவேட்டில் சரி என்று எழுதி, பேருந்துக்குக் கையசைத்துவிட்டு, வாயாடியிடம் பையை வாங்கலாம் என்று கையை நீட்டினேன். பக்கத்தில் யாரும் இல்லை.

எண்ணிக்கை சரியாக இருந்தது, என் பெண் இல்லை.

அப்போது மணி மூன்றரை. ஆறு மணிக்கு இருட்டிவிடும். ரேஞ்சர், டிக்கெட் கொடுக்கிற அக்கா, காவலர்கள் இரண்டு பேர், நான், ஐந்து பேரும் ஒரே கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறினோம். நீட்டிய கை தெரியாத பனி. ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பி அவள் பேரைச் சொல்லிக் கத்தினோம். வளைவு வரைக்கும் போனோம், திரும்பினோம், மறுபடி போனோம். பதிலே இல்லை. அரை நிமிடம் வாயை மூடாத பெண் பதில் சொல்லவில்லை என்றால், சொல்ல முடியாத நிலையில் இருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? அதையேதான் எல்லோரும் நினைத்தார்கள். ரேஞ்சர் என் முகத்தைப் பார்க்காமல் டார்ச்சைப் பள்ளத்துப் பக்கம் திருப்பினார். ஒரு காவலர் ஸ்ட்ரெச்சர் எடுத்துவரக் கீழே போனார்.

நான் விடவில்லை. கண்ணு, தங்கம், செல்லம், அம்மா வந்திருக்கேன் என்று தொண்டை கிழியக் கூப்பிட்டேன். இவ்வளவு கொஞ்சலாக அவளை நான் கூப்பிட்டதே இல்லை. பெற்ற தாயின் குரலுக்குக்கூடவா அவள் பேச மாட்டாள் என்று டிக்கெட் அக்கா அழுதார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. யார் கூப்பிட்டாலும் பேச மாட்டாள், அதிலும் என் குரலுக்குப் பேசவே மாட்டாள். அந்தக் கதையை நூறு தடவை கேட்டவள், ஒரு வார்த்தை மாறினாலும் என்னைத் திருத்துகிறவள்.

ரேஞ்சரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன். எல்லோரையும் சத்தம் போடாமல் நிற்கச் சொன்னார். மணி ஐந்தே கால்.

அந்த நேரத்தில் நீங்கள் ஞாபகத்துக்கு வந்தீர்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால், கூப்பாட்டுக்காரிக்குப் பயந்து இனிமேல் மூன்றாம் தடத்துக்கே வர மாட்டேன் என்று இவள் அழுதபோது, பாதி அடித்த படியில் உட்காரவைத்து நீங்கள் சொன்னீர்களே: “அவளுக்குக் கொஞ்சத்தான் தெரியும், திட்டத் தெரியாது. திட்டினா அது உங்கம்மாவேதான், தைரியமா பதில் சொல்லு.” நாள் பூராவும் உங்களோடு பேசாமல் இருந்தேன், அவ்வளவு கோபம்.

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு திட்டினேன்.

“ஏய் எருமை! புது ஷூவைச் சேத்துல வச்சியா? தண்ணி பாட்டில் எங்கடி? வீட்டுக்கு வா, முதுகுத் தோலை உரிச்சுடறேன்!”

ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம், எங்கள் காலடியிலிருந்தே வருவது போல ஒரு குரல்.

“பாட்டில் உருண்டு போயிடுச்சும்மா. அடிக்க மாட்டேன்னு சொன்னாதான் வருவேன்.”

உங்கள் படிகளுக்கு அடியில், பலகைக்கும் மண்ணுக்கும் நடுவிலுள்ள இடுக்கில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஐந்து பேரின் காலும் அவள் தலைக்கு மேலேதான் ஏறி இறங்கியிருக்கிறது. பாட்டிலை எடுக்க இறங்கினாளாம், பனி மூடியதாம், உட்கார்ந்துவிட்டாளாம். அவள் இருந்த இடத்திலிருந்து பள்ளத்தின் விளிம்பை ரேஞ்சர் காலால் அளந்தார். நாலடி. கதையை நம்பித்தான் எங்களுக்குப் பதில் சொல்லாமல் இருந்தாள், அதை நம்பித்தான் அந்த நாலடியும் நடக்காமல் இருந்தாள். இதற்காக நான் அழுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அறிக்கையை நானே எழுதிக் கொடுத்தேன். என் பெண்ணை எண்ணவில்லை என்று முதல் வரியிலேயே எழுதினேன். தண்டனையாக ஒரு மாதம் நான் தடத்தில் ஏறக் கூடாது, டிக்கெட் ஜன்னலில் உட்கார வேண்டும். இனிமேல் கதையைச் சொன்னால் உங்கள் வீட்டுக்காரர் சேர்த்ததையும் சேர்த்து முழுசாகச் சொல்லுங்கள் என்றார் ரேஞ்சர்.

இப்போது உங்கள் கடிதம். மூன்று இடத்தில் கண்ணே என்று எழுதியிருக்கிறீர்கள். நீ எது செய்தாலும் சரி என்று எழுதியிருக்கிறீர்கள். கையெழுத்து உங்களுடையதுதான், சந்தேகமில்லை. ஆனால் பதினோரு வருடத்தில் நீங்கள் என்னை இப்படிக் கொஞ்சியதில்லை. என் எழுத்தைக் கோழிக் கிறுக்கல் என்பீர்கள், சமையலறைக் குழாயை இன்னும் சரி பண்ணவில்லையா என்று குதிப்பீர்கள். இந்தத் தடவை குழாயைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை இல்லை. வருகிற மாதம் வருவேன் என்றீர்களே, அதைப் பற்றியும் இல்லை. நாலு தடவை படித்தேன். கூப்பாட்டுக்காரி உங்கள் கையெழுத்தில் கொஞ்சுவது போலிருந்தது, பதில் எழுதவில்லை.

பெற்ற பெண்ணை எண்ண மறந்தவள் நான். உங்களுக்குக் கோபம் வர வேண்டும். என்னைத் திட்டி எழுதுங்கள், இரண்டு பக்கத்துக்காவது, மனசு ஆறும்வரை. வர முடியாது என்றால் அதையும் திட்டியே எழுதுங்கள். கண்ணே என்று மட்டும் எழுதாதீர்கள்.

எந்தக் கரையில் இருந்தாலும் உடம்பு நன்றாக இருக்கட்டும். மழையில் நனையாதீர்கள்.

இப்படிக்கு,
நின்ற இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்
வாயாடியின் அம்மா